எதிரே வருபவருக்கும் கண் உண்டு

கடந்த ஆண்டு என் அண்ணன் தன்னுடைய பழைய காரை எங்கள் மாமா ஒருவருக்கு விற்றார். கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலிலேயே பேச்சு முடிந்தது. பெயர் மாற்றத்திற்கு முன்பு காரைச் சோதனை மையத்திற்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் முதல் நாள் இரவு அண்ணன் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பானெட்டைத் திறந்து, ஆசைப்பட்டு வாங்கிப் போட்டிருந்த எல்.இ.டி. பல்புகளைக் கழற்றினார். அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த பழைய ஹெலோஜன் பல்புகளை மீண்டும் மாட்டினார். மறுநாள் கார் சோதனையில் தேறியது. மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மாப்ள, அந்த வெள்ளை லைட்டையும் சேர்த்துக் கொடுத்துடுப்பா. இது பத்தாது." அன்று மாலையே அந்த எல்.இ.டி. பல்புகள் காருக்குத் திரும்பிவிட்டன.

அதே மாதத்தில் ஒரு விடியற்காலை, துறைமுகத்தில் இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வந்த அப்பா வழக்கத்தைவிடத் தாமதமாக வீடு சேர்ந்தார். எதிரே வந்த ஒரு காரின் வெளிச்சம் கண்ணில் அடித்ததில் சாலையே தெரியாமல் போய், ஓரத்துப் புல்லில் இறங்கி நின்றாராம். "ரெண்டு மூனு வினாடி ஒன்னுமே தெரியலடா. எல்லாம் வெள்ளையா இருந்துச்சு" என்றார். யாருக்கும் அடிபடவில்லை. போலீஸ் புகாரும் இல்லை. அதனால் அந்தச் சம்பவம் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறாது.

ஒரே வீட்டில் இரண்டு கதைகள். அண்ணன் கெட்டவர் அல்லர். இரவில் சாலை நன்றாகத் தெரிய வேண்டும் என்றுதான் விளக்கை மாற்றினார். அப்பாவின் கண்ணைக் கூச வைத்த அந்த ஓட்டுநரும் அதையேதான் நினைத்திருப்பார். அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? பல்பிலா, சட்டத்திலா, சோதனை முறையிலா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பல்ப் மட்டுமே விளக்கு அல்ல

இயற்பியல் படித்த மாணவர்களுக்குக் குழியாடி நினைவிருக்கும். குவியத்தில் ஓர் ஒளிமூலத்தை வைத்தால், ஆடியில் பட்டுத் திரும்பும் கதிர்கள் இணையாக வெளியேறும். ஒளிமூலம் குவியத்தை விட்டுச் சற்று நகர்ந்தாலும் கதிர்களின் திசை மாறிவிடும். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு நாம் வரையும் இந்தப் படம்தான் கார் முகப்பு விளக்கின் அடிப்படை.

நம் நாட்டில் பழைய கார்கள் பலவற்றில் இருப்பது எச்-4 வகை ஹெலோஜன் பல்ப். அதற்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று ஹை பீமுக்கு 60 வாட், மற்றொன்று லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழைக்குக் கீழே சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று உள்ளது. இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைத்துவிடும். மேல்நோக்கிப் போகும் ஒளி மட்டும் ஆடியின் மேல்பாதியில் பட்டு, கீழே சாலையை நோக்கித் திரும்பும். இதனால்தான் சுவருக்கு முன் காரை நிறுத்தி லோ பீமைப் போட்டால், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு தெரிகிறது. அந்தக் கோடு இடப்பக்கம் மட்டும் சற்று மேலே ஏறும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், சாலையோரத்தில் நடப்பவரும் அறிவிப்புப் பலகையும் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வலப்பக்கத்தில் எதிர்வாகன ஓட்டுநரின் கண் இருக்கிறது. அங்கே கோடு தாழ்வாகவே இருக்கும்.

ஆக, விளக்கு என்பது பல்ப், கிண்ணம், ஆடி, முன்கண்ணாடி எல்லாம் சேர்ந்த ஒரே கருவி. அதில் பல்பை மட்டும் மாற்றினால் கணக்கு குழம்பிவிடும். எல்.இ.டி. பல்பில் மெல்லிய இழை கிடையாது. ஒரு தகட்டின் இரு பக்கங்களிலும் ஒட்டிய சில்லுகளே ஒளி தருகின்றன. எச்.ஐ.டி. பல்பில் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே எரியும் மின்வில்லே ஒளிமூலம். அதன் வடிவமும் இடமும் ஹெலோஜன் இழையைப் போன்றவை அல்ல. சில மில்லிமீட்டர் வேறுபாடு போதும். ஒளி கோட்டுக்கு மேலே சிதறிவிடும். ஓட்டுநருக்கு அது தெரியாது. தன் முன்னால் சாலை பளிச்சென்று இருப்பதை மட்டுமே அவர் பார்க்கிறார். சிதறிய ஒளியைப் பார்ப்பவர் எதிரே வருபவர்.

அளவையும் கவனியுங்கள். எச்-4 பல்பின் லோ பீம் ஏறக்குறைய 1,000 லூமன் தரும். தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் டி2எஸ் வகை எச்.ஐ.டி. பல்ப் 35 வாட்டிலேயே சுமார் 3,200 லூமன் தருகிறது. இவ்வளவு ஒளி வருவதால், லோ பீமின் ஒளிமூலம் 2,000 லூமனைத் தாண்டும் கார்களில் விளக்கின் சாய்வைத் தானாகச் சரிசெய்யும் கருவியும், விளக்குக் கண்ணாடியைக் கழுவும் கருவியும் இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் 48ஆம் எண் வாகன ஒழுங்குமுறை வகுத்தது. பெட்டியில் வாங்கிப் பொருத்தும் எச்.ஐ.டி. செட்டில் இந்த இரண்டும் வருவதில்லை.

கடைகளில் "ஆறாயிரம் கே", "எட்டாயிரம் கே" என்று சொல்லி விற்கிறார்களே, அந்தக் 'கே' வெளிச்சத்தின் அளவு அல்ல. கெல்வின் என்பது நிறத்தைக் குறிக்கிறது. ஹெலோஜன் சுமார் 3,200 கெல்வின், மஞ்சள் கலந்த வெள்ளை. தொழிற்சாலை எச்.ஐ.டி. சுமார் 4,200 கெல்வின். எண் கூடக் கூட ஒளி நீலமாகும்; கூடுதலாகத் தெரியும் என்று பொருளல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழை கொட்டும்போது, நீலம் கலந்த வெள்ளை விளக்கு போட்ட பலர் "கோடே தெரியல" என்று புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். காருக்கு மிக அருகில் தரை அதிகமாகப் பளபளத்தால், கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும். அப்போது தூரத்தில் இருப்பது முன்பைவிடக் குறைவாகவே தெரியும்.

ஐந்து சென்டிமீட்டர் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். காரின் விளக்கு தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. லோ பீமின் வெட்டுக்கோடு ஒரு விழுக்காடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். 50 மீட்டர் தூரத்தில் அந்தக் கோடு தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். யார் கண்ணையும் தொடாது.

இப்போது பின்னிருக்கையில் மூவர் ஏறுகிறார்கள், பூட்டில் இரண்டு மூட்டை அரிசி. காரின் பின்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் தாழ்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் என்றால், இது இரண்டு விழுக்காட்டுச் சாய்வு. கீழ்நோக்கி ஒரு விழுக்காடு இருந்த விளக்கு மேல்நோக்கி ஒரு விழுக்காடாகிவிட்டது. 50 மீட்டரில் கோட்டின் உயரம் 120 சென்டிமீட்டர். சிறிய கார் ஓட்டுபவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்குகின்றன. ஹெலோஜன் விளக்குகூடச் சாய்வு தவறினால் கண்ணைக் கூச வைக்கும். அதே தவறான சாய்வில் மூன்று மடங்கு ஒளியை வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

நம் நாட்டில் வாகனங்களுக்கான தாய்ச்சட்டம் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். வாகனத்தின் கட்டமைப்பு, விளக்கு, கருவிகள் பற்றி விவரமாகப் பேசுவது 1959ஆம் ஆண்டு மோட்டார் வாகன (கட்டமைப்பு, பயன்பாடு) விதிகள். அந்த விதிகள் எழுதப்பட்டபோது காரில் எல்.இ.டி. முகப்பு விளக்கு என்பது யாருடைய கனவிலும் இல்லை. எச்.ஐ.டி. விளக்கோடு முதல் கார் வந்தது 1991இல், பி.எம்.டபிள்யூ. 7 வரிசையில். எல்.இ.டி. லோ பீம் முதலில் வந்தது 2007இல், லெக்சஸ் எல்.எஸ். 600எச் காரில். 2017இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவியின் எல்லா ரகங்களிலும் எல்.இ.டி. முகப்பு விளக்கு வந்துவிட்டது. பணக்காரர்களின் காரிலிருந்து நம் தாமானில் நிற்கும் காருக்கு அது வந்து சேரப் பத்து ஆண்டுகளே ஆயின.

விதிகள் அவ்வப்போது திருத்தப்பட்டு வந்துள்ளன. வாகனத் தரம் தொடர்பான ஐ.நா.வின் 1958ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா 2006இல் இணைந்தது. புதிய ரகக் கார் ஒன்று விற்பனைக்கு வருமுன் அதன் விளக்கு உட்பட எல்லாப் பாகங்களும் தர அங்கீகாரம் பெற வேண்டும். எனவே தொழிற்சாலையிலிருந்து எல்.இ.டி. அல்லது எச்.ஐ.டி. விளக்கோடு வரும் கார் சட்டப்படி சரியானது. ஹெலோஜனுக்காக வடிவமைத்த விளக்கில் பின்னர் வேறு வகைப் பல்பைப் பொருத்துவதைத்தான் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே. குற்றமாகக் கருதுகிறது. நீதிமன்றத்துக்குப் போனால் 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று இலாகா பலமுறை எச்சரித்துள்ளது.

"அவனோட புதுக் கார்லயும் எல்.இ.டி. தானே, என்னோடதுல போட்டா மட்டும் எப்படிக் குத்தம்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. பதிலை மேலே பார்த்துவிட்டோம். புதுக் காரின் விளக்கில் ஆடியும் வில்லையும் எல்.இ.டி.க்காகவே செய்யப்பட்டவை; மாற்றிய விளக்கில் அவை ஹெலோஜனுக்காகச் செய்யப்பட்டவை.

ஆனால் முழு உண்மையையும் பேச வேண்டும். சட்டப்படி சரியான புதுக் கார்களின் விளக்குகளும் கண்ணைக் கூச வைக்கின்றன என்ற புகார் உலகெங்கும் இருக்கிறது. உயரமான பிக்கப், எஸ்.யூ.வி. வண்டிகளின் விளக்கு உயரத்தில் இருப்பதால், தாழ்ந்த காரில் இருப்பவருக்கும் மோட்டார் சைக்கிளோட்டிக்கும் அது நேராக அடிக்கிறது. எனவே எல்லாப் பழியையும் ஆக்சசரி கடையில் பல்ப் வாங்கும் இளைஞர்கள் மேல் போடுவது நியாயமல்ல.

சோதனை எப்போது நடக்கிறது

இனி அண்ணனின் அலமாரிக்கு வருவோம். கழற்றி மாட்டும் வித்தை ஏன் இவ்வளவு எளிதாக இருக்கிறது?

கணினிமயச் சோதனைக்காக 1994இல் புஸ்பாகோம் தொடங்கப்பட்டது. லாரி, பஸ் போன்ற வணிக வாகனங்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். மின்-அழைப்பு வாகனங்கள், அதாவது கிராப் போன்ற சேவையில் ஓடும் கார்கள், மூன்று வயதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை போக வேண்டும். ஆனால் சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு அப்படி ஒரு கால அட்டவணையே இல்லை. பெயர் மாற்றத்திற்கு பி5, வாடகைக் கொள்முதல் கடனுக்கு பி7, வண்டியின் அமைப்பை மாற்றினால் அதற்கொரு சோதனை, அவ்வளவுதான். ஒருவர் புதுக் கார் வாங்கி இருபது ஆண்டுகள் தானே வைத்திருந்தால், அந்தக் கார் ஒருமுறைகூடச் சோதனை மையத்தைப் பார்க்காமல் இருக்க முடியும்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2009 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வில், 15 வயதைத் தாண்டிய வாகனங்கள் சாலை வரியைப் புதுப்பிக்கும்போது கட்டாயம் ஆண்டுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற திட்டம் இருந்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். பழைய காரை வைத்திருப்பவர்கள் யார்? புதிய கார் வாங்க முடியாதவர்கள். சோதனைக் கட்டணம், பழுதுபார்ப்புச் செலவு, ஒரு நாள் சம்பள இழப்பு எல்லாம் அவர்கள் தலையில் விழும் என்ற அச்சம் எழுந்தது. சில வாரங்களுக்குள் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. அந்த அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான்.

2024 ஆகஸ்ட் 31ஆம் தேதி புஸ்பாகோமின் சலுகைக் காலம் முடிந்ததோடு, வாகனச் சோதனையில் அது வைத்திருந்த முற்றுரிமையும் முடிவுக்கு வந்தது. புஸ்பாகோம் தொடர்ந்து இயங்குகிறது. பிற நிறுவனங்களுக்கும் கதவு திறந்துவிடப்பட்டுள்ளது. போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் எடுத்த இந்த முடிவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வரிசை குறையுமா, முன்பதிவு எளிதாகுமா என்பதோடு நின்றுவிடுகிறது. என் கேள்வி வேறு. மையங்கள் கூடினாலும், ஒரு கார் அதன் ஆயுளில் ஓரிரு முறை மட்டுமே சோதிக்கப்படும் என்றால், அந்தச் சோதனை எதைக் காட்டும்? சோதனை நாளன்று கார் எப்படி இருந்தது என்பதை மட்டுமே காட்டும். மறுநாள் இரவு அது எப்படி ஓடுகிறது என்பதைக் காட்டாது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன

அண்டை நாடான சிங்கப்பூரில் மூன்று முதல் பத்து வயது வரையுள்ள கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து வயதுக்கு மேல் ஆண்டுதோறும் சோதனை உண்டு. பிரிட்டனில் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதனை. அங்கு 2021 முதல், ஹெலோஜன் விளக்கில் எச்.ஐ.டி. பல்ப் பொருத்திய கார் சோதனையில் தோல்வி அடையும் என்று கையேட்டிலேயே எழுதிவிட்டார்கள். இருந்தும் கண்கூச்சப் புகார்கள் குறையாததால் அரசே தனி ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது.

ஜப்பான் ஒரு படி மேலே போயிருக்கிறது. முன்பு ஹை பீமை அளந்துவந்த அந்நாடு, 1998 செப்டம்பர் முதல் தயாரான கார்களுக்கு லோ பீமை அளக்கும் முறைக்கு மாறியது. 2024 ஆகஸ்ட்டில் லோ பீம் மட்டுமே என்ற கட்டத்திற்கு வந்து, சில வட்டாரங்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம் கொடுத்தது. நாம் இரவில் பெரும்பாலும் பயன்படுத்துவது லோ பீம் என்பதால், அதன் வெட்டுக்கோடு சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பதே பொருத்தம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் வழி. 2020இல் அங்கே ஓஸ்ராம் நிறுவனத்தின் எல்.இ.டி. மாற்றுப் பல்புக்கு அரசு அனுமதி கிடைத்தது. எல்லாக் கார்களுக்கும் அல்ல. எந்தெந்தக் கார் ரகத்தின் விளக்கில் பொருத்திச் சோதித்துச் சரியென்று கண்டார்களோ, அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும். பட்டியலில் உன் கார் இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் போடக்கூடாது. தடையும் இல்லை, தாராளமும் இல்லை.

ஏன் மாற்றுகிறோம்

பிரிக்பீல்ட்சில் வளர்ந்த என் பல்கலைக்கழகத் தோழன், "எங்க ஏரியாவுல ஹெட்லைட்டே தேவையில்லடா" என்று சிரிப்பான். ஜாலான் துன் சம்பந்தனில் இரவு பத்து மணிக்குக்கூடக் கடை வெளிச்சமே போதும். அங்கு விளக்கை மாற்றுபவர் பெரும்பாலும் அழகுக்காக மாற்றுகிறார். அதே பிரிக்பீல்ட்சில்தான் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அங்கு வந்துபோகும் எல்லாரும் முழுமையாகப் பார்வை இழந்தவர்கள் அல்லர். ஓரளவு பார்வை உள்ளவர்களும் உண்டு. அவர்களுக்குக் கண்கூச்சம் நம்மைவிடப் பல மடங்கு தொல்லை. இருக்கும் கொஞ்சப் பார்வையும் அந்த நொடியில் போய்விடும். வயதானவர்களுக்கும் அப்படித்தான். கண்ணின் வில்லை மங்க மங்க, உள்ளே நுழையும் ஒளி அதிகமாகச் சிதறுகிறது. கண் மீண்டும் இருட்டுக்குப் பழகக் கூடுதல் நேரம் பிடிக்கிறது.

கிள்ளானைத் தாண்டி காப்பார், மேரு பக்கம் போனால் கதை வேறு. தெருவிளக்கு இல்லாத நீண்ட சாலைகள், அழிந்துபோன கோடுகள், குழிகள், லாரிகள். அங்கே "வெளிச்சம் பத்தலலா" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. சாலைக்குத் தெருவிளக்கும் கோடும் போட வேண்டியவர்கள் போடாதபோது, ஓட்டுநர் தன் காசில் வெளிச்சம் வாங்குகிறார். இதையும் சேர்த்துப் பேசாமல் சம்மன் மட்டும் கொடுத்தால் பிரச்சினை தீராது.

இன்னொரு காரணத்தை நாம் வெளியே சொல்வதில்லை. அதுதான் டின்டட். 2019 மே மாதம் அறிவிக்கப்பட்ட விதிப்படி, முன்கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு ஒளியையும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும். பின்பக்கத்துக்கு வரம்பு இல்லை. முன்கண்ணாடியில் 35 விழுக்காடு மட்டும் விடும் கறுப்புத் தாளை ஒருவர் ஒட்டினால், அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவில் பாதிதான் அவர் கண்ணுக்கு வரும். இழந்ததை ஈடுகட்ட அவருக்கு இரண்டு மடங்கு விளக்கு வேண்டும். பகல் வெயிலுக்காக ஒட்டிய தாளின் விலையை இரவில் எதிரே வருபவர் கட்டுகிறார்.

விளக்கு உயிர் காக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1992இல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கைப் போட வேண்டும் என்ற சட்டம் வந்தது. மற்றவர் கண்ணில் படாததால் நடக்கும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாக உள்ளூர் ஆய்வு காட்டியது. அந்தச் சட்டத்தின் நோக்கம், மற்றவர் நம்மைப் பார்க்க வேண்டும் என்பது. விளக்கு என்பது நாம் பார்க்க மட்டும் அல்ல என்பதை நம் சாலைகள் அன்றே அறிந்திருந்தன.

2019இல் நம் நாட்டில் 567,516 சாலை விபத்துகள் நடந்தன. 6,167 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பான்மையோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களுக்குக் கண்ணாடிக் கூரையும் இல்லை, காற்றுப் பையும் இல்லை. கண் ஒன்றுதான் பாதுகாப்பு.

என்ன செய்யலாம்

எல்லாத் தனியார் கார்களுக்கும் நாளையே கட்டாயச் சோதனை என்று நான் சொல்லவில்லை. 2009இல் எழுந்த கேள்விக்குப் பதில் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. ஆனால் அதற்கு முன்பே செய்யக்கூடியவை மூன்று இருக்கின்றன.

முதலாவது, விற்பவரையும் கேள்வி கேட்க வேண்டும். இன்று சாலைத் தடுப்பில் மாட்டுபவர் வாங்கியவர் மட்டுமே. கடையிலும் இணையத்திலும் விற்பனை வெளிப்படையாக நடக்கிறது. எந்தப் பல்ப் எந்தக் காருக்கு அனுமதி என்ற பட்டியலை ஜெர்மனியைப் போல் வெளியிட்டால், நல்ல பொருளை விற்பவருக்கும் பாதுகாப்பு, வாங்குபவருக்கும் தெளிவு.

இரண்டாவது, விளக்கின் சாய்வை மட்டும் பார்க்கும் இலவசச் சோதனை. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டுக் காலங்களில் சாலைப் பாதுகாப்பு இயக்கங்கள் நடக்கின்றன. துண்டறிக்கை கொடுக்கும் நேரத்தில் திருகாணியைத் திருகி விளக்கைச் சரிசெய்துவிடலாம். தண்டனை இல்லை என்றால் மக்கள் தாங்களே வருவார்கள். தொழிற்கல்லூரி வாகனத் துறை மாணவர்களுக்கு அது நல்ல பயிற்சியும் ஆகும்.

மூன்றாவது, சோதனை மையங்களில் பல்பின் வகையைப் பார்ப்பதோடு, லோ பீமின் கோடு எங்கே விழுகிறது என்பதையும் அளந்து சான்றிதழில் எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய கார் வாங்குபவருக்கு அது பயனுள்ள தகவல்.

இவை நடக்கும்வரை நாமே செய்யக்கூடியதும் உண்டு. காரைச் சமதரையில், சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் டேப் ஒட்டுங்கள். லோ பீமின் கோடு அந்த டேப்பிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். மேலே விழுந்தால் பட்டறையில் சரிசெய்யச் சொல்லுங்கள். சில கார்களில் ஓட்டுநர் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறிய சக்கரம் இருக்கும். பின்னால் பாரம் ஏற்றும்போது எண்ணைக் கூட்டினால் விளக்கு தாழும். எத்தனை ஆண்டுகள் அந்தச் சக்கரத்தைத் தொடாமலேயே ஓட்டியிருக்கிறோம்!

விளக்கு மங்கலாக இருக்கிறதா? முதலில் முன்கண்ணாடியைத் துடையுங்கள். பல ஆண்டு வெயிலில் மஞ்சளித்துப்போன விளக்கு மூடியைப் பாலிஷ் செய்யுங்கள். பழைய ஹெலோஜன் பல்புகளைக் கழற்றி, அதே வகையில் தரமான புதிய சோடியைப் போடுங்கள். கறுப்புத் தாள் விதியை மீறியிருந்தால் அகற்றுங்கள். இவை எல்லாம் செய்த பிறகும் போதவில்லை என்றால்தான் மாற்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டும், அப்போதும் ஜே.பி.ஜே. அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுத்தான்.

இந்தக் கட்டுரைக்காக நான் சேர்த்ததை எல்லாம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அண்ணனிடம் சொன்னேன். அப்பாவும் இருந்தார். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மாமாவுக்குத் தொலைபேசியில் அழைத்து, "மாமா, ஞாயித்துக்கிழமை காரை எடுத்துக்கிட்டு வாங்க, லைட்டை ஒருவாட்டி சுவர்ல அடிச்சுப் பார்ப்போம்" என்றார். மாமா வந்தார். கோடு என்று சொல்ல எதுவுமே இல்லை. சுவர் முழுக்க வெள்ளையாக இருந்தது. அப்பா அந்தச் சுவர் அருகே போய், காரைப் பார்த்துத் திரும்பி நின்றார். உடனே கையை உயர்த்திக் கண்ணை மறைத்துக்கொண்டார்.

மாமா வேறெதுவும் கேட்கவில்லை. "பழைய பல்ப் இன்னும் இருக்கா மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.